காட்சியும் ஆட்டமும்

"ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது" என்பது நம் முன்னோர் வாக்கு. இப்பழமொழியை நாம் பெரும்பாலும் படிப்பறிவுக்கும் பட்டறிவுக்கும் உள்ள வேறுபாட்டைக் காட்டவே எடுத்தாளுகிறோம். ஆனால் கணினித் திரையில் ஓடும் விளையாட்டுகளுக்கும் இது நன்கு பொருந்தும். கண்ணுக்கு விருந்தாக அமைந்த ஒரு விளையாட்டு, கையில் எடுத்து ஆடும்போது சுவையற்றுப் போவது உண்டு. அது ஏன் என்று ஆராய்ந்தால், விளையாட்டைப் பற்றி மட்டுமன்றி, கற்பித்தலைப் பற்றியும் நீதியைப் பற்றியும் சில உண்மைகள் புலப்படும். ஆதலின் அத்தகைய விளையாட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு இக்கட்டுரையில் காண்போம்.

மேடை விளையாட்டு

நிலத்தில் கரியால் கட்டம் கீறி, சில்லெறிந்து, ஒற்றைக் காலில் தாவும் பாண்டி விளையாட்டை அறியாத தோழியர் நம்மில் இலர். கட்டத்திலிருந்து கட்டத்திற்குத் தாவ வேண்டும். கோட்டை மிதித்தால் ஆட்டம் போயிற்று. இதே தாவலைத் திரைக்குள் கொண்டு சென்றால் கிடைப்பதே 'பிளாட்ஃபார்ம் கேம்' எனப்படும் மேடை விளையாட்டு. திரையில் பல உயரங்களில் மேடைகள் இருக்கும். நாம் இயக்கும் உருவம் ஓடியும் தாவியும் ஏறியும், குழிகளையும் பகைவரையும் கடந்து செல்ல வேண்டும்.

1980ஆம் ஆண்டில் வெளிவந்த 'ஸ்பேஸ் பேனிக்' என்னும் விளையாட்டில் மேடைகளும் ஏணிகளும் இருந்தன, தாவல் இல்லை. 1981இல் ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனத்தில் ஷிகெரு மியாமோட்டோ வடிவமைத்த 'டாங்கி காங்' தாவலைச் சேர்த்தது. அதில் உருளும் பீப்பாய்களைத் தாண்டிய சிறு மனிதனே பிற்காலத்தில் 'மாரியோ' என்று உலகப் புகழ் பெற்றான்.

வியப்பூட்டிய ஒரு விளையாட்டு

நாம் ஆராய எடுத்துக்கொண்டது 1989இல் இங்கிலாந்தில் வெளிவந்த 'ஷேடோ ஆஃப் தி பீஸ்ட்'. 'விலங்கின் நிழல்' என்று இதனைத் தமிழில் கூறலாம். மார்ட்டின் எட்மண்ட்சனும் பால் ஹௌவர்த்தும் 'ரிஃப்ளெக்ஷன்ஸ்' என்னும் சிறு நிறுவனத்தின் பெயரில் இதனை உருவாக்கினர். லிவர்பூல் நகரத்து 'சிக்னோசிஸ்' நிறுவனம் இதனை வெளியிட்டது. 'அமிகா' என்ற வீட்டுக் கணினிக்காகவே முதலில் எழுதப்பட்டது.

கதை துயரமானது. ஆர்ப்ரான் என்ற சிறுவன் குழந்தைப் பருவத்திலேயே கடத்தப்படுகிறான். மாலெடாத் என்னும் கொடியவனின் ஏவலர்கள் அவனை விலங்காக உருமாற்றித் தங்கள் தலைவனுக்கு ஊழியம் செய்ய வைக்கின்றனர். தன் தந்தை கொல்லப்படுவதைக் காணும் நாளில் அவனுக்குப் பழைய நினைவு திரும்புகிறது. பழி தீர்க்கப் புறப்படுகிறான். அந்தப் பயணமே விளையாட்டு.

பெட்டியின் மேலட்டையை வரைந்தவர், இசைத்தட்டு உறைகளுக்கு ஓவியம் தீட்டிப் பெயர் பெற்ற ரோஜர் டீன். இசையமைத்தவர் டேவிட் விட்டேக்கர். ஏறத்தாழ 35 பவுன் விலைக்கு, மேற்சட்டை ஒன்றும் சேர்த்துப் பெரிய பெட்டியில் விற்கப்பட்டது. மற்ற விளையாட்டுகளைவிட விலை அதிகம். ஆயினும் திரையில் அதன் முதற்காட்சி தோன்றியபோது பார்த்தவர்கள் மலைத்து நின்றனர். அந்தி வானம், பெரிய நிலவு, மிதந்து செல்லும் வான்கப்பல்கள், தொலைவில் மலைகள், அருகில் புல்வெளி. ஆர்ப்ரான் ஓட ஓட இவை யாவும் தத்தமக்குரிய வேகத்தில் நகர்ந்தன. வீட்டுக் கணினியில் அதற்குமுன் அவ்வளவு ஆழமான காட்சியைப் பெரும்பாலோர் கண்டதில்லை.

காட்சியின் பின்னுள்ள அறிவியல்

இந்த ஆழம் எப்படி வந்தது? ஆய்வுக்கூடத்தில் அளவுகோலைப் பக்கவாட்டில் நின்று பார்த்தால் அளவு தவறும். அதனை 'இடமாறு தோற்றப் பிழை' என்று படித்திருக்கிறோம். பார்க்கும் இடம் மாறினால், அருகிலுள்ள பொருளும் தொலைவிலுள்ள பொருளும் வெவ்வேறு அளவு விலகித் தோன்றும் என்பதே அதன் அடிப்படை. ஓடும் இரயிலிலிருந்து பார்க்கும்போது தண்டவாளத்தின் ஓரத்துக் கம்பங்கள் பறக்கின்றன. வயல்கள் நிதானமாக நகர்கின்றன. மலை அசைவதாகவே தெரியவில்லை. நிலவோ நம்முடனேயே வருகிறது. தொலைவு கூடக் கூடத் தோற்ற வேகம் குறைகிறது. இந்த வேறுபாட்டைக் கொண்டே நமது மூளை தொலைவை மதிப்பிடுகிறது.

திரை தட்டையானது, அதில் தொலைவு என்பது கிடையாது. ஆனால் படத்தைப் பல அடுக்குகளாகப் பிரித்து, ஒவ்வோர் அடுக்கையும் வெவ்வேறு வேகத்தில் நகர்த்தினால் மூளை அதனை ஆழம் என்றே கொள்ளும். எடுத்துக்காட்டாக, அருகிலுள்ள சுவர் எட்டுப் புள்ளி நகரும் நேரத்தில் புல்வெளி நான்கு புள்ளியும், மலை ஒரு புள்ளியும் நகர்ந்தால் போதும். 1937இல் வால்ட் டிஸ்னி நிறுவனத்தார் கண்ணாடித் தகடுகளில் வரைந்த படங்களை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்திப் படமெடுத்தது இம்முறையிலேயே. 1982இல் வந்த 'மூன் பேட்ரோல்' இதனை வீடியோ விளையாட்டில் கையாண்டது. 'ஷேடோ ஆஃப் தி பீஸ்ட்' இதனைப் பன்னிரண்டு அடுக்குகள் வரை கொண்டு சென்றது.

வண்ணத்திலும் ஒரு நுட்பம் உண்டு. அமிகா 4096 வண்ணங்களை அறியும். ஆயினும் விளையாட்டுகளில் ஒரே நேரத்தில் 32 வண்ணங்களோ அதற்குக் குறைவாகவோ காட்டுவதே வழக்கம். இவ்விளையாட்டில் 128 வண்ணங்கள் வரை தோன்றின. அக்காலத்துக் குழாய்த் தொலைக்காட்சியில் ஒளிக்கதிர் மேலிருந்து கீழாக, வரி வரியாகப் படத்தை எழுதும். அமிகாவினுள் இருந்த 'காப்பர்' என்னும் துணைப்பகுதி, கதிர் ஒரு வரியை முடித்து அடுத்த வரிக்குச் செல்லும் இடைவெளியில் வண்ணத்தை மாற்றிவிடும். ஒரே வண்ணக்கிண்ணத்தை வரிக்கு வரி கழுவி வேறு நிறம் ஊற்றிக்கொள்வது போன்றது இது. அந்தி வானம் சிறிது சிறிதாக நிறம் மாறித் தோன்றியது இவ்வாறே. ஒரு நொடிக்கு 50 முறை, அதாவது 20 மில்லிநொடிக்கு ஒருமுறை, இத்தனையும் நடந்தாக வேண்டும். அந்நாளையக் கணினியில் இதனை முடித்தவர்களின் உழைப்பும் கணக்கறிவும் போற்றத்தக்கவை என்பதில் ஐயமில்லை.

கைக்கு வந்த வருத்தம்

இனி ஆட்டத்திற்கு வருவோம். ஆர்ப்ரானால் செய்யக்கூடியவை மிகச் சில: ஓடலாம், தாவலாம், குனியலாம், குத்தலாம். எதிரே ஒரு பகைவன் வந்தால், அவன் கைக்கெட்டும் அந்த ஒரு கணத்தில் குத்த வேண்டும். முந்தினாலும் அடி விழும். பிந்தினாலும் அடி விழும். பகைவர் வரும் இடமும் வழியும் மாறுவதில்லை. எனவே எந்த இடத்தில் எது வரும் என்பதை மனப்பாடம் செய்தவருக்கு வெற்றி. செய்யாதவருக்கு, எவ்வளவு கூர்மையான கண்ணும் கையும் இருந்தாலும், தோல்வி.

எந்தத் திசையில் முதலில் செல்ல வேண்டும், எந்தப் பொருளை முதலில் எடுக்க வேண்டும் என்பதற்குத் திரையில் குறிப்பில்லை. தவறான வழியே சென்றவர் வெகுதூரம் சென்ற பின்னரே தவறை அறிவார். தொடக்கத்தில் தாங்கக்கூடிய அடிகள் 12. அவை தீர்ந்தால் ஆட்டம் முடிந்தது. விட்ட இடத்திலிருந்து தொடர வழியில்லை. முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

ஒரு மாணவி கணக்கில் தவறு செய்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். எந்த வரியில் தவறு என்று ஆசிரியை காட்டினால் அவள் திருத்திக்கொள்வாள். எதுவும் கூறாமல் தாளைக் கிழித்து, "முதல் பக்கத்திலிருந்து எழுது" என்றால் அவள் என்ன கற்பாள்? விடையை உருப்போடக் கற்பாள், கணக்கைக் கற்கமாட்டாள். இவ்விளையாட்டின் குறை இதுவே. விழுந்தவருக்கு ஏன் விழுந்தோம் என்பதை அது சொல்லித் தரவில்லை.

நாற்பது கிலோபைட்டில் ஒரு பள்ளிக்கூடம்

இதனோடு ஒப்பிட, நான்காண்டுகளுக்கு முன் வந்த 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' விளையாட்டைப் பார்ப்போம். 1985 செப்டம்பர் 13 அன்று ஜப்பானில் வெளியான இதன் மொத்த அளவு 40 கிலோபைட். 'ஷேடோ ஆஃப் தி பீஸ்ட்' இரண்டு வட்டுகளில் வந்தது; ஒவ்வொரு வட்டிலும் 880 கிலோபைட் இடம். அதாவது மாரியோவுக்குக் கிடைத்ததைப் போல் நாற்பது மடங்குக்கு மேல். மாரியோவின் மேகத்தையும் புதரையும் உற்றுப் பார்த்தால் இரண்டும் ஒரே படம் என்பது தெரியும். ஒன்றுக்கு வெள்ளை, மற்றதற்குப் பச்சை. இடமின்மையால் அவ்வளவு சிக்கனம்.

ஆனால் அதன் முதற்கட்டம் ஒரு நல்ல ஆசிரியை நடத்தும் பாடம் போன்றது. மாரியோ திரையின் இடப்புறம் நிற்கிறான். வலப்புறம் வெளி விரிந்து கிடக்கிறது. எங்கே செல்வது என்று எவரும் கூறாமலே தெரிகிறது. சிறிது நடந்ததும் ஒற்றைப் பகைவன் மெல்ல வருகிறான். மோதினால் இறப்பு, ஆனால் இழந்தது சில நொடிகளே. அடுத்தமுறை தாவுகிறோம். தாவியபோது தலைக்கு மேலுள்ள கேள்விக்குறிப் பெட்டியில் முட்டினால் காசு வருகிறது. மற்றொரு பெட்டியிலிருந்து காளான் வருகிறது. அது குழாயில் மோதித் திரும்பி நம்மை நோக்கியே வருகிறது. தொட்டதும் மாரியோ வளர்கிறான். காளான் நன்மை தரும் என்பதை ஒரு சொல்லும் இன்றிக் கற்றுவிட்டோம்.

இதைவிட நயமான இடம் கட்டத்தின் பிற்பகுதியில் உண்டு. இருபுறமும் படிக்கட்டுகள், நடுவில் இடைவெளி, இடைவெளியின் கீழே தரை. தவறி விழுந்தாலும் தீங்கில்லை. அதைக் கடந்ததும் அதே போன்ற படிக்கட்டுகள் மீண்டும் வருகின்றன. இம்முறை நடுவில் தரையில்லை, குழி! ஒத்திகை முதலில், தேர்வு பின்னர். தாவும் பொத்தானைச் சிறிது அழுத்தினால் சிறு தாவல்; நீள அழுத்தினால் உயர்ந்த தாவல். விரலின் எண்ணத்தை உருவம் அப்படியே கேட்கிறது. இவ்விளையாட்டை இன்றும் சிறுவர் விரும்பி ஆடுவதற்கு இதுவே காரணம் எனலாம்.

கடுமை வேறு, கொடுமை வேறு

"அப்படியாயின் எளிதான விளையாட்டே நல்ல விளையாட்டா?" என்று சிலர் கேட்கக்கூடும். இல்லை. 2018இல் வெளிவந்த 'செலஸ்ட்' என்னும் மேடை விளையாட்டு மிகக் கடினமானது. ஒரு பெண் தனியே மலையேறுவதே அதன் கதை. ஆடுபவர் நூற்றுக்கணக்கான முறை விழுவார். ஆயினும் விழுந்த மறுகணமே அதே இடத்தில் நிற்கலாம். ஏன் விழுந்தோம் என்பதும் தெளிவாகத் தெரியும்.

அதற்குள் ஒளிந்திருக்கும் கருணை ஒன்றைக் கூற வேண்டும். மேடையின் விளிம்பைக் கடந்த பின்னும், மிகச் சிறிய ஒரு கணத்திற்குள் பொத்தானை அழுத்தினால் தாவல் ஏற்கப்படும். கேலிச்சித்திரப் படங்களில் மலையுச்சியைக் கடந்தும் ஒரு நொடி காற்றில் நிற்கும் ஓநாயின் நினைவாக இதனைக் 'கயோட்டி நேரம்' என்பர். தரையைத் தொடுவதற்குச் சற்று முன்னரே பொத்தானை அழுத்திவிட்டாலும், அதை நினைவில் வைத்துத் தரையைத் தொட்டதும் தாவச் செய்யும். மனிதர் கை சிறிது முந்தும், சிறிது பிந்தும் என்பதை அறிந்தவர் எழுதிய விதி இது. ஆடுபவர் இதனைக் கவனிப்பதே இல்லை. "இது நியாயமான ஆட்டம்" என்று மட்டும் உணர்கிறார்.

கடுமையான ஆசிரியையை நாம் பல ஆண்டுகள் கழித்தும் நன்றியோடு நினைப்பதுண்டு. கடுமை நம்மை வளர்க்கும். காரணம் கூறாத தண்டனையோ நம்மைச் சோர வைக்கும். விளையாட்டுக்கும் இந்த அளவுகோல் பொருந்தும்.

ஏன் இவ்வாறு நேர்கிறது?

திறமை மிக்கவர்கள் உருவாக்கிய விளையாட்டில் இக்குறை எப்படி நேர்ந்தது? ஒரு காரணம் கடைத்தெருவில் இருக்கிறது. காட்சியை அட்டையில் அச்சிடலாம். கடையின் திரையில் ஓட விடலாம். தாவலின் நயத்தை அச்சிட முடியாது. அதனைக் கையில் எடுத்து ஆடியவரே அறிவர். எனவே வாங்குபவர் காண்பது காட்சியை. வாங்கிய பின் பெறுவது ஆட்டத்தை. இரண்டிற்கும் இடையில் பணம் கைமாறிவிடுகிறது.

இது ஒரு விளையாட்டோடு நின்ற செய்தியன்று. 1983இல் அமெரிக்காவில் வந்த 'டிராகன்ஸ் லேர்' விளையாட்டுக்கு டிஸ்னி நிறுவனத்தில் பணியாற்றியிருந்த டான் புளூத் படம் வரைந்தார். ஒளித்தகட்டிலிருந்து முழுத் திரைப்படம் போலவே அது ஓடியது. மற்ற பொறிகளுக்கு 25 சென்ட் போட்டவர்கள் இதற்கு 50 சென்ட் போட்டனர். ஆனால் ஆடுபவர் செய்யக்கூடியது, குறித்த கணத்தில் குறித்த திசையில் கைப்பிடியைத் தள்ளுவதோ வாள் பொத்தானை அழுத்துவதோ மட்டுமே. மற்ற நேரமெல்லாம் அவர் பார்வையாளர்.

மற்றொரு காரணம் காலப் பங்கீடு. ஓர் இயந்திரத்தின் ஆற்றலுக்கும், அதனை இயக்குவோரின் நாள்களுக்கும் எல்லை உண்டு. பன்னிரண்டு அடுக்கு வானத்திற்குச் செலவிட்ட நாள்களை, பகைவர் எங்கே நிற்க வேண்டும், விழுந்தவர் எங்கிருந்து தொடங்க வேண்டும் என்று சோதித்துப் பார்க்கச் செலவிட முடியாது. ஆண்டுவிழா நாடகத்திற்குத் திரைச்சீலையும் ஒப்பனையும் சிறப்பாகச் செய்துவிட்டு, வசனத்தை ஒத்திகை பார்க்க மறந்தால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும்.

காட்சி வேண்டாமா?

காட்சியை நாம் பழிக்க வரவில்லை. அழகு, மனத்தை ஒரு புதிய உலகிற்கு அழைத்துச் செல்லும் வாயில். 'ஷேடோ ஆஃப் தி பீஸ்ட்' அந்த அழைப்பை மிகச் சிறப்பாகவே விடுத்தது. ஒரு சிறு கணினியால் இவ்வளவும் இயலும் என்று காட்டியது. பலருக்கு ஊக்கமாக அமைந்தது. 1990இலும் 1992இலும் இரண்டு தொடர்ச்சிகள் வந்தன. 2016இல் புதிய வடிவிலும் வந்தது. அதே ரிஃப்ளெக்ஷன்ஸ் நிறுவனம் 1999இல் 'டிரைவர்' என்ற வாகன விளையாட்டை உருவாக்கிப் புகழ் பெற்றது.

மறுபுறம், 2012இல் வந்த 'தாமஸ் வாஸ் அலோன்' விளையாட்டில் வெறும் வண்ணச் செவ்வகங்களே கதைமாந்தர். ஒன்று உயரமாகத் தாவும். ஒன்று நீரில் மிதக்கும். ஒன்றின் தோள்மேல் மற்றொன்று ஏறிக் கடக்கும். ஆடுபவர்கள் அச்செவ்வகங்களிடம் அன்பு கொண்டனர். அழகிய முகமில்லாமலும் நட்பு உண்டாகும் என்பதற்கு இது சான்று.

ஆகவே நாம் காணும் முடிபு இது: காட்சி நம்மை வாசலுக்கு அழைக்கிறது, உள்ளே இருத்தி வைப்பது விதிகளின் நேர்மை. இரண்டும் பொருந்தினால் பெருமை. ஒன்றை விட்டுத்தான் ஆகவேண்டும் என்றால், விட வேண்டியது நேர்மையை அன்று.

தோழியரே, இன்று விளையாட்டுகள் கைப்பேசியிலேயே வந்துவிட்டன. ஒரு நிமிட விளம்பரப்படம் நம்மை மயக்குகிறது. பெற்றோர் உழைத்தீட்டிய பணத்தையும், அதனினும் அரிய நம் நேரத்தையும் கொடுக்குமுன் சற்று நிதானிப்போம். நாளை நம்மில் சிலர் கணினி கற்று இத்தகைய விளையாட்டுகளைப் படைக்கவும் கூடும். அப்போது திரையில் நிலவைத் தீட்டும் அதே அக்கறையோடு, விழப்போகும் ஒரு முகமறியாச் சிறுமியையும் நினைப்போம். அவள் விழுந்தால் எழவும், எழுந்தால் கற்கவும் இடம் வைப்போம்.

சிந்திக்கச் சில வினாக்கள்

1. நீங்கள் ஆடும் விளையாட்டு ஒன்றில் தோற்கும்போது, ஏன் தோற்றீர்கள் என்பது உடனே தெரிகிறதா?
2. படங்களை எல்லாம் நீக்கிச் செவ்வகங்களாக மாற்றினாலும் அவ்விளையாட்டை ஆட விரும்புவீர்களா?
3. தோற்ற பின் மீண்டும் அவ்விடம் வர எவ்வளவு நேரம் ஆகிறது? அந்த நேரத்தில் புதிதாக ஏதேனும் கற்கிறீர்களா?
4. கட்டமிட்ட தாளில் ஒரு மேடை விளையாட்டின் முதற்கட்டத்தை வரைக. ஒரு சொல்லும் எழுதாமல், குழியைத் தாண்ட வேண்டும் என்பதை ஆடுபவருக்கு எவ்வாறு கற்பிப்பீர்கள்? வரைந்ததைத் தோழி ஒருத்தியிடம் காட்டி, அவளுக்குப் புரிகிறதா என்று பார்க்க.